பாட்டில்லாத ஒற்றன் கதை

தமிழ்ப் படம் என்ற மாத்திரத்தே பாட்டை எதிர்பார்ப்பது நம்மவர் இயல்பு. 1934இல் வெளிவந்த ‘பவளக்கொடி’யில் ஐம்பது பாடல்கள் இருந்தன என்பர். பின்வந்த படங்களில் இத்தொகை குறைந்ததேயன்றி, பாட்டே இன்றி ஒரு படம் எடுக்கலாம் என்று எவரும் எண்ணத் துணியவில்லை. அந்தத் துணிவு 1954ஆம் ஆண்டு ஏப்ரல் 13ஆந் தேதி, சித்திரைப் புத்தாண்டை ஒட்டிச் சென்னையில் வெளிவந்தது. ‘அந்த நாள்’ என்பது அதன் பெயர். பாட்டில்லை, நடனமில்லை, சண்டைக் காட்சியுமில்லை. போதாக்குறைக்கு, படம் தொடங்கிய கணத்திலேயே துப்பாக்கி வெடிக்கிறது. கதாநாயகன் தள்ளாடி வீழ்ந்து இறக்கிறான். அவ்வாறு இறப்பவர் சிவாஜி கணேசன்! ‘பராசக்தி’யின் வசனத்தை மனப்பாடம் செய்து கொண்டு கொட்டகைக்கு வந்தவர்களின் நிலையை வாசகர்களே எண்ணிப் பார்த்துக் கொள்ளலாம்.

ஒற்றன் கதை என்றால் இன்றைய இளைஞர் மனத்தில் தோன்றுவன விரையும் மோட்டார் வண்டிகளும் வெடிக்கும் கட்டடங்களுமே. 1960களில் ஜெய்சங்கர் நடித்த துப்பறியும் படங்கள் முதல், 2013இல் வந்த ‘விஸ்வரூபம்’ வரை அவ்வழியே வழியாயிற்று. அவற்றை நாம் குறைகூற வரவில்லை. நாமும் பார்த்து மகிழ்ந்தவர்களே. ஆயினும் ‘அந்த நாள்’ காட்டும் ஒற்றன் வேறு வகையினன். அவன் பெரும்பாலும் வீட்டிலேதான் இருக்கிறான். அவனுக்கு மனைவி உண்டு, தம்பி உண்டு, அயல்வீட்டுக்காரரும் உண்டு. அவன் ஒற்றன் என்பது மட்டும் பிறருக்குத் தெரியாது.

இப்படத்தை நெறியாள்கை செய்த எஸ். பாலச்சந்தருக்கு அப்போது வயது இருபத்தேழு. 1952இல் இந்தியாவில் நடைபெற்ற முதலாவது சர்வதேசத் திரைப்பட விழாவில் அவர் அகிரா குரோசவாவின் ‘ரஷோமான்’ என்ற யப்பானியப் படத்தைப் பார்த்தார். ஒரு கொலையைப் பலர் பலவாறு கூறுவதாக அமைந்த படம் அது. அதன் உத்தியால் ஈர்க்கப்பட்டு ஒரு நாடகம் எழுதி வானொலிக்குக் கொடுத்தார், ஏற்கப்படவில்லை. பின்னர் அக்கதையை ஏவி.எம். நிறுவனத்தின் அதிபர் மெய்யப்பச் செட்டியாரிடம் கூறினார். பாட்டு வேண்டாம் என்ற நிபந்தனையுடன் வந்த ஓர் இளைஞனுக்குச் செட்டியார் இணங்கியதுதான் வியப்பு. இலாப நட்டம் பார்க்கத் தெரியாதவரல்லர் அவர்.

திரைக்கதையை எழுதியவர் ஜாவர் சீதாராமன். ‘உடல் பொருள் ஆனந்தி’ என்ற தொடர்கதையால் பின்னாளில் பெரும்பெயர் பெற்றவர் இவரே. படத்தில் சிவானந்தம் என்ற இரகசியப் பொலிஸ் அதிகாரியாக நடித்தவரும் இவரே. கதாநாயகன் பாத்திரத்துக்கு முதலிற் கிடைத்தவர் கல்கத்தாவில் வாழ்ந்த தமிழ்ப் பேராசிரியரும் நாடக நடிகருமான என். விசுவநாதன். எடுத்த பகுதிகள் செட்டியாருக்கு நிறைவளிக்கவில்லை. அடுத்து எஸ். வி. சகஸ்ரநாமம் வந்தார், அவர் தோற்றம் பாத்திரத்துக்கு முதிர்ந்ததாகத் தோன்றியது. மூன்றாவதாக வந்தவரே சிவாஜி கணேசன். எடுத்த படச்சுருளை ஒதுக்கி வைத்துவிட்டு மறுபடி தொடங்குவது எத்தனை செலவுக்குரியது என்பதைப் படத்தொழில் அறிந்தோர் அறிவர்.

கதையின் பின்னணி உண்மைச் சம்பவமாகும். 1943 ஒக்டோபர் 11ஆந் தேதி யப்பானிய விமானம் ஒன்று சென்னை மீது குண்டு வீசியது. சேதம் சிறிதே; அச்சம் பெரிது. (இலங்கையில் எம் முன்னோர் அதற்கு ஓராண்டுக்கு மேலாகவே இவ்வச்சத்தை அறிந்திருந்தனர். 1942 ஏப்ரல் 5ஆந் தேதி கொழும்பும், 9ஆந் தேதி திருகோணமலையும் யப்பானியக் குண்டுவீச்சுக்கு ஆளாயின. வவுனியாவில் பிரித்தானியர் விமானத்தளம் அமைத்ததும் அப்போரின்போதே.) அந்தக் குண்டுவீச்சை ஒட்டி, ராஜன் என்ற வானொலிப் பொறியியலாளன் தன் வீட்டிற் சுடப்பட்டுக் கிடக்கிறான். யார் சுட்டது?

அயல்வீட்டுச் சின்னையா பிள்ளை, ராஜனின் தம்பி பட்டாபி, தம்பி மனைவி ஹேமா, அம்புஜம் என்ற நடனமாது, ராஜனின் மனைவி உஷா ஆகிய ஐவரிடமும் விசாரணை நடக்கிறது. ஒவ்வொருவரும் தாம் அறிந்த ராஜனைப் பற்றிக் கூற, அக்கூற்று நம் கண்முன் காட்சியாக விரிகிறது. தம்பிக்கு அவன் சொத்தைப் பிரித்துக் கொடாத தமையன்; நடனமாதுக்கு அவன் காதலன். ஒவ்வொரு கூற்றிலும் மனிதன் மாறுகிறான், முகம் ஒன்றே. சிவாஜி கணேசனின் திறமையை நாம் மெச்சுவது இவ்விடத்தில். உரத்த குரலை அடக்கி, ஒரு பார்வையிலும் ஒரு நமட்டுச் சிரிப்பிலும் அவர் ஆளை மாற்றிக் காட்டுகிறார். சிவாஜி என்றாலே மிகை நடிப்பு என்று கூறும் இளைஞர்கள் இப்படத்தைக் கட்டாயம் பார்த்தல் வேண்டும்.

இவ்விடத்தில் திருக்குறளின் ஒற்றாடல் அதிகாரம் எமக்கு நினைவுக்கு வருகிறது. ஓர் ஒற்றன் கொணர்ந்த செய்தியை மற்றோர் ஒற்றனைக் கொண்டு ஆராய வேண்டும் என்கிறார் வள்ளுவர். ஒருவரையொருவர் அறியாத மூவரின் சொல் ஒத்திருந்தால் அதனைத் தெளியலாம் என்றும் கூறுகிறார். அதிகாரி சிவானந்தத்தின் இக்கட்டு இதுதான்: இங்கே இருவர் சொல்லும் ஒத்துவரவில்லை. அவர்கள் பொய்யர் என்பதாலன்று. ஒவ்வொருவரும் தம் பகையையும் தம் பயத்தையும் கொண்டு அவனைப் பார்த்தனர்; அவன் செய்து வந்த தொழிலை அவர்கள் பார்க்கவேயில்லை. ‘ரஷோமானி’ல் உண்மை இறுதிவரை மயங்கியே நிற்கிறது. ‘அந்த நாளி’லோ புதிர் அவிழ்கிறது. இவ்வகையில் இது அந்தனி அஸ்குவித் 1950இல் எடுத்த பிரித்தானியப் படமொன்றுக்கே நெருங்கிய உறவு எனலாம். கொலையுண்ட பெண்ணொருத்தியை அவளை அறிந்தோர் ஒவ்வொருவரும் வெவ்வேறாக வருணிக்கும் படம் அது.

எஸ். மாருதி ராவின் ஒளிப்பதிவைச் சொல்லாமல் விடலாகாது. ஒரு வீடு, சில அறைகள், சில முகங்கள், இவ்வளவே அவருக்குக் கிடைத்தவை. நிழலைக் கொண்டே அவர் அவ்வீட்டைப் பெரிதாக்கிவிடுகிறார். மாடிப்படியில் விழும் இருள்கூட ஏதோ ஒளிக்கிறதோ என்ற ஐயம் எழுகிறது. பாட்டு இல்லாத குறை சிறிது நேரத்தில் மறந்தே போகிறது.

இனி, இக்கட்டுரையை எழுதத் தூண்டிய செய்திக்கு வருவோம். ராஜன் காசாசையால் ஒற்றனானவன் அல்லன். அவன் அறிவாளி. தன் கண்டுபிடிப்பை ஆட்சியாளர் மதிக்கவில்லை என்ற புண் அவன் நெஞ்சில் இருக்கிறது. யப்பானியர் வந்தால் நாடு முன்னேறும் என்றும் அவன் வாதிக்கிறான். எதிரே நிற்பவள் உஷா. மாணவப் பருவத்திலேயே தேசபக்தி ஊறியவள். பண்டரிபாய் அப்பாத்திரத்துக்கு அளித்த அமைதியான உறுதி படத்தின் முதுகெலும்பு. கணவன் மனைவி உரையாடல் நாட்டைப் பற்றிய வழக்காடலாக மாறும் அக்காட்சியில், ராஜனின் வாதத்தைக் கதாசிரியர் எளிதில் வீழ்த்திவிடவில்லை. பார்ப்பவர் சற்று நேரம் அவன் பக்கம் சாயவும் இடம் வைத்திருக்கிறார். தீயவனுக்கு மீசையும் உருட்டு விழியும் கொடுத்து அடையாளங்காட்டிய காலத்தில் இது சிறிய செயலன்று.

கடந்த தவணை விடுமுறையில், இங்கே பரந்தனில், உயர்தர வகுப்பு மாணவர் சிலருக்கு இப்படத்தைக் காட்டினோம். கறுப்பு வெள்ளைப் படம் என்றதும் முகஞ் சுளித்தவர்கள், அரைமணி நேரத்தில் அசையாது இருந்தனர். முடிந்ததும் ஒரு மாணவி கேட்டாள்: “சேர், அவருடைய கண்டுபிடிப்பை அரசாங்கம் ஏற்றுக்கொண்டிருந்தால் அவர் இப்படிச் செய்திருப்பாரோ?” நாம் விடைகூறு முன்னரே பின்னால் இருந்த ஒருவன், “பேசாமல் வெளிநாட்டுக்குப் போயிருக்கலாம்” என்றான். எல்லோரும் சிரித்தனர். எமக்குச் சிரிப்பு வரவில்லை. எம் பகுதியில் கெட்டிக்காரப் பிள்ளைகளுக்கு நாம் காட்டும் வழி அதுவாகவே இருக்கிறது என்பது உறைத்தது.

அப்பால் வாதம் வேறு திசையில் திரும்பியது. 1943இல் இந்தியா விடுதலை பெறவில்லை, ஆட்சி பிரித்தானியருடையது. அவ்வாறாயின் ராஜன் காட்டிக் கொடுத்தது நாட்டையா, நாட்டை ஆண்ட அந்நியரையா? மாணவர் எழுப்பிய இக்கேள்வி நியாயமானதே. வரலாற்றில் அதற்கு இணையான நிகழ்ச்சி ஒன்றும் உண்டு. 1942 செப்டெம்பரில், பினாங்கிலிருந்து யப்பானிய நீர்மூழ்கிக் கப்பலில் வந்து மலபார்க் கரையில் இறங்கிய விடுதலை வீரர் சிலர் பிடிபட்டனர். அவர்களுள் ஒருவரான வக்கம் அப்துல் காதரும் வேறு மூவரும் 1943 செப்டெம்பர் 10ஆந் தேதி சென்னைச் சிறையில் தூக்கிலிடப்பட்டனர். சென்னையில் குண்டு விழுந்தது ஏறத்தாழ ஒரு மாதம் கழித்து. அன்றைய அரசின் ஏட்டில் அவர்கள் பகைவரின் கையாட்கள். சுதந்திர இந்தியா அவர்களைத் தியாகிகளாகப் போற்றுகிறது. 1998இல் காதருக்குத் தபால்தலையும் வெளியிட்டது. மலாயாவில் வாழ்ந்த தமிழர் பலர் நேதாஜியின் படையிற் சேர்ந்ததும் இதே காலத்திலேதான். மலாயாப் பென்சனியர் இருந்த யாழ்ப்பாணத்து வீடுகளில் அக்கதைகளைக் கேட்டு வளர்ந்தோர் இன்றும் உளர்.

படம் இந்த முரணை முழுமையாக எதிர்கொள்கிறது என்று நாம் கூறமாட்டோம். ஆட்சி அந்நியருடையது என்ற செய்தியை அது ஓரளவு மெல்லவே தொட்டுச் செல்கிறது. உஷாவின் விடை வேறு: ராஜன் கொடுக்கும் செய்தியால் விழப்போகும் குண்டு ஆட்சியாளரைத் தேடிப்பிடித்து விழாது, தெருவிற் செல்லும் ஏழை மக்கள்மேல் விழும். குண்டின் இயல்பை அறிந்த எம் ஊரில் அதற்கு விளக்கவுரை வேண்டியதில்லை. ஆனால் துரோகி என்னும் சொல்லும் எம்மூருக்குப் புதியதன்று. அச்சொல் எத்தனை எளிதாக வாயிலிருந்து வரும், வந்தபின் என்னென்ன செய்யும் என்பதை வன்னியில் வாழ்ந்தோர் நன்கறிவர். ஒரு மனிதனை ஐந்து பேர் கண்களால் பார்க்க வைத்து, அவன் வாதத்தையும் அவன் வாயாலேயே சொல்ல வைத்து, அதன் பின்பே தீர்ப்புக்கு வரும் இப்படத்தின் பொறுமையை நாம் பெரிதாக மதிப்பது அதனாலேயே.

வெளிவந்த வேளையில் படம் எதிர்பார்த்தபடி ஓடவில்லை. பாட்டு எங்கே என்று கொட்டகைகளில் கூச்சல் எழுந்ததாம். அடுத்த ஆண்டு இந்திய அரசின் தேசிய விருதுகளில், தமிழ்ப் படங்களுள் ‘மலைக்கள்ள’னுக்கு வெள்ளிப் பதக்கமும் ‘அந்த நாளு’க்குத் தகுதிச் சான்றிதழும் கிடைத்தன. அதன்பின் மீண்டும் திரையிடப்பட்டபோது கூட்டம் வந்தது. விருது கிடைத்த பின்னரே நல்லதென்று ஒப்புக்கொள்ளும் பழக்கம் அன்றும் இருந்தது போலும்.

பாலச்சந்தர் பின்னர் ‘பொம்மை’, ‘நடு இரவில்’ போன்ற மர்மப் படங்களை எடுத்தார். எனினும் உலகம் இன்று அவரை நினைப்பது ‘வீணை பாலச்சந்தர்’ என்றே. பாட்டே வேண்டாம் என்று படமெடுத்தவர் சங்கீத மேதை! பாட்டின் அருமை தெரிந்தவருக்கே அது எங்கே வேண்டாம் என்பதும் தெரியும் போலும்.

படம் இப்போது கைத்தொலைபேசியிலேயே கிடைக்கிறது. இரண்டு மணி நேரத்துக்குச் சற்று மேற்பட்டது. இரவுச் சாப்பாட்டுக்குப் பின் விளக்கை அணைத்துவிட்டுக் குடும்பத்துடன் பார்க்கலாம். சுட்டவர் யார் என்பதை நாம் இங்கே சொல்லவில்லை. ஏற்கெனவே பார்த்த பாட்டன் பாட்டிமாரும் பேரப்பிள்ளைகளுக்கு முன்கூட்டிச் சொல்லிவிடாதிருக்க வேண்டுகிறோம்.