நிலம் பறிபோகும் வேகம்

நாராயணின் ‘கொச்சரேத்தி’ மலையாளத்தில் 1998இல் வெளிவந்தது. அஞ்சல் துறை ஊழியராகப் பணியாற்றிய அவர், இடுக்கி மாவட்டத்து மலையரயர் சமூகத்தைச் சேர்ந்தவர். பழங்குடியினர் ஒருவர் மலையாளத்தில் எழுதிய முதல் நாவலாகக் கருதப்படும் இது, கேரள சாகித்திய அகாதமி விருதையும் பெற்றது. ஆயினும், படிக்கத் தொடங்கும் முற்போக்கு வாசகரிடம் ஒரு முணுமுணுப்பு எழுவது இயல்பு: கதை நகரவில்லையே, போராட்டம் எங்கே?

கொச்சுராமனும் குஞ்ஞிப்பெண்ணும் மணந்துகொள்கிறார்கள், உழைக்கிறார்கள், மிளகு விளைவிக்கிறார்கள். அதை வாங்கும் வியாபாரி ஏமாற்றுகிறான். மகள் பார்வதி படித்து மலையிறங்குகிறாள். பெற்றோர் முதுமையடைகிறார்கள். எழுச்சியுரை ஆற்றும் தலைவர் எவரும் வருவதில்லை.

இந்த நிதானத்தில்தான் நாவலின் அரசியல் உள்ளது. பழங்குடி மக்களின் நிலம் ஒரே இரவில் பறிபோவதில்லை. உப்புக்கும் துணிக்கும் வாங்கிய கடன், அறுவடைக்கு முன்பே விலை பேசப்பட்ட விளைச்சல், படிக்கத் தெரியாத தாளில் ஒரு கைநாட்டு என ஒவ்வொன்றும் நடக்கும் நாளில் அற்பமாகவே தோன்றும். வேகமான கதைக்கு ஒரு வில்லன் தேவை. அவன் வீழ்ந்தால் கதையும் முடிந்துவிடும். சுரண்டலுக்கோ அத்தகைய ஒற்றை முகம் இல்லை.

நாராயண் எழுதியது இடுக்கியைப் பற்றித்தான். ஆனால் வடக்கே, பாலக்காடு எல்லையிலும் கதை வேறல்ல. கோவையிலிருந்து தடாகம் வழியே செல்லும் சாலை, ஆனைகட்டியில் மாநில எல்லையைக் கடந்து அட்டப்பாடிக்குள் நுழைகிறது. எல்லையின் இருபுறமும் இருளர் ஊர்கள். 1951இல் அட்டப்பாடி மக்களில் பத்தில் ஒன்பது பேர் பழங்குடியினர். 2001 கணக்கெடுப்பில் அவர்கள் பாதிக்கும் குறைவு. இந்த அரை நூற்றாண்டில் எந்த நாளைச் சுட்டி, நிலம் அன்றுதான் போனது என்று சொல்ல இயலும்?

சட்டமும் மெதுவாகவே நடந்தது. அந்த மெதுவால் ஆதாயம் அடைந்தவர்கள் வேறு. பறிக்கப்பட்ட பழங்குடி நிலங்களை மீட்டளிக்கும் சட்டத்தைக் கேரளம் 1975இல் இயற்றியது. விதிகள் 1986இல்தான் வந்தன. 1999இல் வந்த புதிய சட்டமோ, இரண்டு ஹெக்டேர் வரையிலான நிலத்தை வைத்திருப்பவரிடமே விட்டுவிட்டு, இழந்தவருக்கு மாற்று நிலம் என்றது. அன்று ஆட்சியிலிருந்தது இடது ஜனநாயக முன்னணி. இடதுசாரிகள் இதை மறைக்கத் தேவையில்லை, விவாதிக்கத்தான் வேண்டும். கேரளம், தமிழ்நாடு இரண்டிலும் அரசமைப்புச் சட்டத்தின் ஐந்தாவது அட்டவணைப் பகுதி ஒன்றுகூட இதுவரை அறிவிக்கப்படவில்லை.

நாவலின் முடிவில், அறுவைச் சிகிச்சைக்கு அஞ்சி, முதிய தம்பதியர் மருத்துவமனையை விட்டு வெளியேறுகிறார்கள். இதை அறியாமை என்று ஒதுக்கிவிடுவது எளிது. ஆனால் வரி வசூலிக்கவும் கைநாட்டு வாங்கவும் மட்டுமே தங்களைத் தேடிவந்த ஓர் உலகின் கட்டடத்துக்குள், அந்த இருவரும் வேறு எதை நம்பிப் படுத்திருக்க முடியும்?