வேலை அழுத்தம்: சகிப்பது மட்டும் மருந்தல்ல



"வேலை எப்படிப் போகுது?" என்று கேட்டால் நம்மவர்களில் பலர் சொல்லும் பதில் ஒன்றுதான்: "ஏதோ போகுது." அந்த 'ஏதோ'வுக்குள் என்ன இருக்கிறது என்பது நமக்குத் தெரியும். விடியுமுன் எழுந்து பஸ், மெட்ரோ என்று மாறி டவுன்டவுன் போகிறோம். ஹோட்டல் சமையலறையிலோ, கட்டிடத் துப்புரவிலோ, கணினிக்கு முன்னாலோ நாள் முழுவதும் உழைக்கிறோம். வீட்டுக் கடனையும், ஊருக்கு அனுப்ப வேண்டிய காசையும் நினைத்து, மனதுக்கு ஒவ்வாததை எல்லாம் விழுங்கிக்கொண்டு வீடு திரும்புகிறோம். விழுங்கியது எங்கே போகிறது? பிள்ளைகள் மீது கோபமாகவும், தூக்கமில்லாத இரவாகவும், தலையிடியாகவும் அது வெளியே வருகிறது.

இதற்கு எல்லோரும் சொல்லும் மருந்து, "எதையும் நல்லதாக நினையுங்கள்" என்பது. நல்லெண்ணம் வேண்டியதுதான். ஆனால் அது மட்டும் போதும் என்பதை எம்மால் ஏற்க முடியவில்லை.

நம் நகரில் தொடங்கிய ஆராய்ச்சி

மன அழுத்தம் பற்றிய நவீன மருத்துவ ஆராய்ச்சிக்கு அடித்தளமிட்ட இடங்களில் ஒன்று நமது டவுன்டவுன்தான் என்பது பலருக்குத் தெரியாது. மெக்கில் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய ஹான்ஸ் செல்யே என்ற மருத்துவர், 1936 இல் எலிகளில் செய்த ஆய்வு ஒன்றை 'நேச்சர்' இதழில் வெளியிட்டார். குளிர், காயம், அளவுக்கு மீறிய உடல் உழைப்பு, மருந்து என்று துன்பம் எதுவாக இருந்தாலும் எலிகளின் உடலில் ஒரே வகையான மாற்றங்கள் வந்தன. அட்ரீனல் சுரப்பி வீங்கியது. நோய் எதிர்ப்புக்கு உதவும் தைமஸ் சுரப்பி சுருங்கியது. இரைப்பையிலும் குடலிலும் புண் வந்தது. உடல் முதலில் அபாயத்தை உணர்ந்து விழிக்கிறது, பின்பு தாக்குப்பிடிக்கிறது, துன்பம் தொடர்ந்தால் களைத்துச் சோர்ந்துவிடுகிறது என்று அவர் விளக்கினார்.

எலிக்குக் கெட்ட எண்ணம் கிடையாது. அப்படியிருந்தும் அதன் உடல் கெட்டது. ஆகவே வேலையில் ஒருவர் களைத்து விழுந்தால், "மனத்தைரியம் இல்லாதவர்" என்று அவரைக் குறை சொல்வது நியாயமாகாது.

நான்கு காரணங்கள்

பேராசிரியர் சோனியா லூபியான் மொன்றியலில் நிறுவிய மனித அழுத்த ஆய்வு மையம், நமக்கு அழுத்தம் தரும் சூழ்நிலைகளில் நான்கு அம்சங்களில் ஒன்றாவது இருக்கும் என்கிறது. நிலைமை நம் கையில் இல்லாதது, எதிர்பாராதது, புதியது, நம் மதிப்பைத் தாழ்த்துவது என்பவையே அவை. பிரெஞ்சில் இவற்றின் முதலெழுத்துகளைச் சேர்த்து 'சினே' என்று நினைவில் வைப்பார்கள். இந்த அம்சங்கள் கூடக் கூட அழுத்தமும் கூடும்.

புலம்பெயர்ந்த நமக்கு நான்கும் ஒன்றாக வருவது புதுமையல்ல. மொழி புதிது. வேலை நேரம் எப்போது மாறும் என்று தெரியாது. ஊரில் ஆசிரியராகவோ கணக்காளராகவோ இருந்தவர் இங்கே பாத்திரம் கழுவும்போது மனம் நோகிறது. அதைச் சொன்னால் வேலை போய்விடுமோ என்ற பயம் வாயைக் கட்டுகிறது.

நாம் என்ன செய்யலாம்?

முதலில், 'வேலை பிடிக்கவில்லை' என்று மொத்தமாகச் சொல்லாமல், இந்த நான்கில் எது நம்மை வருத்துகிறது என்று பிரித்துப் பாருங்கள். டவுன்டவுனில் இரவுத் துப்புரவு வேலை செய்த நாட்களில், அடுத்த வார நேர அட்டவணையை எங்களுக்கு ஞாயிறு மாலைதான் சொல்வார்கள். எங்களை வாட்டியது தும்புத்தடி அல்ல, அந்த நிச்சயமின்மைதான். மூன்று பேராகச் சேர்ந்து, எழுதிப் பழகிய நாலு பிரெஞ்சு வசனங்களுடன் மேற்பார்வையாளரிடம் போனோம். அதன் பின்பு வியாழக்கிழமையே அட்டவணை வந்தது. சம்பளம் ஒரு சதமும் கூடவில்லை. ஆனாலும் அந்த வேலையை எங்களால் மனமுவந்து செய்ய முடிந்தது.

இரண்டாவது, நம் கையில் உள்ள சிறு விடயங்களைப் பிடித்துக்கொள்ளுங்கள். மெட்ரோவில் இறங்கி நிலக்கீழ் வழியாகவே வேலைக்குப் போய் அப்படியே திரும்பினால், மாரிகாலத்தில் நாட்கணக்கில் சூரியனைக் காண மாட்டோம். சாப்பாட்டு நேரத்தில் பதினைந்து நிமிடமாவது மேலே வந்து மெக்கில் வளாகத்தில் நடவுங்கள். வீட்டுக்குள் நுழைந்ததும் வேலைக் கைபேசியை ஒதுக்கி வையுங்கள். பிரெஞ்சு வகுப்புக்குச் செலவாகும் நேரமும் ஆரோக்கியத்துக்கான செலவுதான். மொழி தெரிந்தால் எது வரப்போகிறது என்று புரியும், பதில் சொல்லவும் முடியும்.

மூன்றாவது, மனம் விட்டுப் பேசுங்கள். 811 ஐ அழைத்து 2 ஐ அழுத்தினால் இன்ஃபோ-சோசியல் சேவையில் 24 மணி நேரமும் இலவசமாக ஆலோசனை பெறலாம். தூக்கமின்மை, நெஞ்சுப் படபடப்பு, எதிலும் நாட்டமின்மை என்பன வாரக்கணக்கில் தொடர்ந்தால் குடும்ப வைத்தியரிடமோ சி.எல்.எஸ்.சி. நிலையத்திலோ சொல்லுங்கள். நெஞ்சு வலி வந்தால் அழுத்தம்தான் என்று இருந்துவிடாமல் 911 ஐ அழையுங்கள்.

அழுத்தம் வேறு, துன்புறுத்தல் வேறு

சில இடங்களில் பொறுமையும் நடையும் பயன் தராது. மீண்டும் மீண்டும் இழிவாகப் பேசுவது, எல்லோர் முன்னிலையிலும் அவமதிப்பது, மிரட்டுவது எல்லாம் உளரீதியான துன்புறுத்தல் ஆகலாம். இதற்கு எதிரான சட்டம் கியூபெக்கில் 2004 ஜூன் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. கடைசிச் சம்பவத்திலிருந்து இரண்டு வருடங்களுக்குள் சி.என்.இ.எஸ்.எஸ்.டி. அமைப்பிடம் இலவசமாக முறையிடலாம். தொழிற்சங்கம் உள்ள இடத்தில் அதன் வழியாகப் போக வேண்டும். வங்கி போன்று மத்திய அரசின் சட்டத்துக்கு உட்பட்ட இடங்களுக்கு வழிமுறை வேறு. எதுவானாலும் திகதி, நேரம், சொன்ன வார்த்தை, பார்த்தவர் பெயர் ஆகியவற்றை அன்றன்றே ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள்.

நீண்ட கால வேலை அழுத்தத்தைச் சரியாகக் கையாளாவிட்டால் வருவதே 'பர்ன்அவுட்' என்னும் சோர்வு என்று உலக சுகாதார நிறுவனம் 2019 இல் வரையறுத்தது. அதை ஒரு நோயாக அல்லாமல், வேலையோடு தொடர்புடைய நிலையாகவே அது வகைப்படுத்தியுள்ளது. அப்படியானால் சரிசெய்ய வேண்டியது உழைப்பவரின் மனதை மட்டுமல்ல, வேலைத்தலத்தையும்தான்.

நாம் இந்த நாட்டுக்கு வந்தது வாழ்வதற்காக. சுவர் இருந்தால்தான் சித்திரம் வரையலாம் என்று நம் பெரியவர்கள் சொல்வார்கள். அடுத்த முறை யாராவது "வேலை எப்படி?" என்று கேட்டால், "ஏதோ போகுது" என்று முடித்துவிடாமல் ஒரு வசனம் கூடுதலாகச் சொல்லிப் பாருங்கள். கேட்பவரும் அதே பாரத்தைச் சுமப்பவராக இருக்கக்கூடும்.