இரவல் மேடையும் சொந்தப் பாட்டும்

தருமபுரி மாவட்டத்துப் பாப்பாரப்பட்டி என்றதும் நம் நெஞ்சில் எழுவது சுப்பிரமணிய சிவாவின் நினைவே. 1913-இல் ‘ஞானபானு’ இதழைத் தொடங்கி நடத்தியவர் அவர். தொழுநோயைக் காரணம் காட்டி ஆங்கில அரசு அவரது இரயில் பயணத்தைத் தடுத்தபோது, கால்நடையாகவே ஊர் ஊராய்ச் சென்று பேசினார். 1925 ஜூலை 23 அன்று இவ்வூரிலேயே கண்மூடினார். ஒருவரது குரல் மக்களை எட்ட அந்நாளில் அச்சுக்கூடமும் கால்வலிமையும் தேவைப்பட்டன. இன்றோ, அதே ஊரில் பாடத் தெரிந்த இளைஞர் ஒருவருக்குக் கைப்பேசி ஒன்றே போதும்.

“பிள்ளை நாளெல்லாம் பாட்டைப் பதிவதும், எத்தனை பேர் பார்த்தார்கள் என்று எண்ணுவதுமாக இருக்கிறானே, இது வயிற்றுக்குச் சோறிடுமா?” எனப் பெற்றோர் கவலையுறுவது இயல்பே. இதற்கு ஒரே சொல்லில் விடை கூறிவிட இயலாது.

கதவு திறந்திருப்பது உண்மை. கோவை இளைஞரான ஆதியின் ‘கிளப்புல மப்புல’ பாடல் 2011-இல் இணையத்தின் வழியே பரவியது. அவரும் நண்பர் ஜீவாவும் இணைந்த ‘ஹிப்ஹாப் தமிழா’ இணை, 2015-இல் ‘ஆம்பள’ படத்துக்கு இசையமைக்கும் நிலைக்கு உயர்ந்தது. ஆயினும், இத்தகைய வெற்றியை எல்லாருக்கும் உரிய அளவுகோலாகக் கொள்ளலாகாது. யூடியூப் விளம்பர வருவாயில் பங்கு பெறவே ஆயிரம் சந்தாதாரரும், ஓராண்டில் 4,000 மணி நேரப் பார்வையும் வேண்டும்; குறுங்காணொளியாயின் 90 நாளில் ஒரு கோடிப் பார்வை வேண்டும். அந்த வாயிலைக் கடந்த பின்னரும் வரும் தொகை பலருக்குச் சிறியதே. ஆகவே படிப்பையோ கைத்தொழிலையோ கைவிட்டு இதில் இறங்குவது அறிவுடைமையன்று.

மற்றொன்றையும் எண்ணிப் பார்க்க வேண்டும். இம்மேடை நமக்குச் சொந்தமன்று. 2020 ஜூன் 29 அன்று நடுவண் அரசு டிக்டாக் உள்ளிட்ட 59 செயலிகளைத் தடை செய்தபோது, நம் சிற்றூர்க் கலைஞர் பலர் அரும்பாடுபட்டுச் சேர்த்த இரசிகர் கூட்டம் ஓரிரு நாளில் கலைந்தது. எனவே ஒரே தளத்தை நம்பியிராமல், பாட்டை விரும்பிக் கேட்போரை, அவர்தம் இசைவுடன், வாட்ஸ்அப் குழு போன்ற நேரடித் தொடர்பிலும் இணைத்துக்கொள்வது நலம்.

பார்வைகள் பெருகுவதும் பணம் வருவதும் ஒன்றல்ல என்பதற்கு ‘எஞ்சாயி எஞ்சாமி’ சான்று. 2021 மார்ச்சில் வெளிவந்த அப்பாடலை அறிவு எழுதினார். அவரும் தீயும் பாடினர். சந்தோஷ் நாராயணன் இசையமைத்தார். தேயிலைத் தோட்டத்தில் உழைத்த முன்னோரின் துயரைச் சுமந்த அப்பாட்டு 40 கோடி தடவைக்கு மேல் பார்க்கப்பட்டது. எனினும் தங்கள் மூவருக்கும் அதனால் ஒரு காசும் கிட்டவில்லை என 2024 மார்ச்சில் சந்தோஷ் நாராயணன் வெளிப்படையாகக் கூறினார். புகழ்பெற்றோர்க்கே இந்நிலையெனில், புதியவர் எத்துணை விழிப்புடன் இருத்தல் வேண்டும்! ஒப்பந்தத்தை வழக்கறிஞரிடம் காட்டாமல் கையொப்பமிடலாகாது. பாடலாசிரியரும் இசையமைப்பாளரும் தமக்குரிய உரிமைத்தொகையை இழந்துவிடாதபடி காக்க, பதிப்புரிமைச் சட்டம் 2012-இல் திருத்தப்பட்டது. அத்தொகையைத் திரட்டித் தர, 1969-இல் நிறுவப்பட்ட இந்திய நிகழ்த்துரிமைச் சங்கமும் உள்ளது.

இளைஞர்களே, பணம் கொடுத்துப் பின்தொடர்வோரை வாங்காதீர்கள். அந்த எண்ணிக்கைக்குச் செவிகள் இல்லை. திரைப்பாடலை மீண்டும் பாடிப் பதிவிட்டால், அதன் வருவாய் பெரும்பாலும் உரிமையாளரையே சேரும். பம்பையும் தெருக்கூத்தும் ஒலிக்கும் மண்ணில் பிறந்த உங்களுக்குச் சொந்தப் பாட்டுக்கா பஞ்சம்? வாரத்தில் ஒரு நாளைக் குறித்துக்கொண்டு, நன்கு பயின்ற ஒரு பாட்டைத் தவறாமல் தாருங்கள். கேட்டவர் எழுதும் சொற்களுக்கு மறுமொழி கூறுங்கள். உள்ளூர்த் திருவிழாவிலும் திருமண வீட்டிலும் பாடுங்கள். முகம் பார்த்துக் கேட்டவரே நெடுநாள் துணை நிற்பர்.

பெற்றோரே, பாடும் மகளை இழிசொற்கள் தாக்கும்போது பாட்டை நிறுத்தச் சொல்லாதீர்கள்; இழித்துரைப்போரைத் தடுக்கும் வழியை அவளுடன் அமர்ந்து கற்றுக்கொள்ளுங்கள். “இன்று எத்தனை பேர் பார்த்தார்கள்?” என்று வினவுவதை விடுத்து, “இன்று என்ன பாடினாய்? எங்களுக்கும் பாடிக் காட்டு” என்று கேளுங்கள். முதல் இரசிகர் வீட்டிலேயே கிடைத்துவிட்டால், வெளியில் எண்ணிக்கை குறையும் நாளிலும் பிள்ளை மனமுடைந்து போகமாட்டான்.