சம்மன் கடிதத்தை ஒளிக்காதே, தம்பி!

"சம்மன்தானே, வந்தா வரட்டும், சலுகை விடுறப்போ கட்டிக்கலாம்." அசாம் ஜாவா வட்டாரத் தோட்டங்களில் இளைஞர் பலர் இப்படித்தான் பேசுகிறார்கள். காரணம் இல்லாமல் இல்லை. 2012-ஆம் ஆண்டில் வேகத்தைப் படம்பிடிக்கும் தானியங்கிக் கேமராக்கள் நம் நாட்டுச் சாலைகளுக்கு வந்தன. கட்டாமல் கிடந்த அந்தக் கேமரா சம்மன்கள் 2018-இல் ரத்துச் செய்யப்பட்டன. பிறகும் அவ்வப்போது கழிவு கொடுத்தார்கள். ஒழுங்காகக் கட்டியவன் ஏமாளி, கட்டாதவன் கெட்டிக்காரன் என்ற எண்ணம் வேரூன்றி விட்டது.

அந்தக் காலம் மலையேறி விட்டது. 2026 ஜனவரி முதல் தேதியிலிருந்து கணக்கு தலைகீழாக மாறியது. போலீஸ் சம்மனோ, சாலைப் போக்குவரத்து இலாகா சம்மனோ, 15 நாளுக்குள் கட்டினால் பாதித் தொகை. 16-இலிருந்து 30 நாளுக்குள் மூன்றில் ஒரு பங்கு கழிவு. 60 நாள் வரை முழுத் தொகை. அதையும் தாண்டினால் கோர்ட்டுப் படி ஏற வேண்டியதுதான். குறைந்தபட்சச் சம்பளமான 1,700 வெள்ளியை 26 நாளுக்கு வகுத்தால் நாள் கூலி 65 வெள்ளி. 300 வெள்ளி சம்மன் என்பது நாலரை நாள் உழைப்பு. உடனே கட்டினால் அதில் பாதி வீட்டுக்கு மிஞ்சும்.

நம் குடும்பங்களில் இன்னொரு சிக்கலும் உண்டு. ஓட்டுவது மகன், கார் இருப்பதோ அப்பா பெயரில். கேமராவில் விழுவது எண் பலகை. ஆகவே கடிதம் அப்பா பெயருக்கு, பதிவிலுள்ள விலாசத்துக்குப் போகிறது. தோட்டத்தை விட்டு வெளியேறிப் பல வருஷம் ஆன பிறகும் பழைய லயத்து விலாசத்தையே மாற்றாமல் வைத்திருப்போர் உண்டு. கடிதம் கைக்கு வந்தாலும், மகன் மடித்துப் பையில் போட்டுக் கொண்டால் அப்பாவுக்கு எப்படித் தெரியும்? சாலை வரி புதுப்பிக்கப் போகிற அன்று, "பேரு கறுப்புப் பட்டியல்ல இருக்கே" என்று கவுண்டரில் சொன்னால்தான் தெரியும். சரி, அப்புறம் பார்க்கலாம் என்று இன்சூரன்சையும் சேர்த்து விட்டு விட்டால், ஒரு விபத்து போதும், குடும்பமே நடுத்தெருவுக்கு வந்து விடும்.

1987-ஆம் ஆண்டு சாலைப் போக்குவரத்துச் சட்டத்தின் 115-ஆம் பிரிவுப்படி, கார் ஓட்டியது யார் என்று கேட்டால் உரிமையாளர் சொல்லியாக வேண்டும். மகன் செய்த தவறுக்கு அப்பா பதில் சொல்லும் நிலை எதற்கு? 'பி' லைசன்ஸ் வைத்திருக்கும் தம்பிகள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். குற்றப் புள்ளிகள் சேர்ந்தால் லைசன்சே பறிபோகும். லைசன்ஸ் போனால் ஷா ஆலம் தொழிற்சாலை வேலைக்கு எதில் போவது?

2011-இல் லாத்தார் நெடுஞ்சாலை திறந்த பிறகு கோலாலம்பூர்ப் பக்கம் போய்வருவது சுலபமாகி விட்டது. ஆனால் ஈஜோக், புக்கிட் ரோத்தான் பக்கம் செம்பனைக் குலை ஏற்றிய லாரியும் டிராக்டரும் மண் சாலையிலிருந்து திடீரென்று ஏறி வரும். 90 கிலோமீட்டர் வேகத்தில் கார் ஒரு விநாடிக்கு 25 மீட்டர் ஓடுகிறது. 120-இல் 33 மீட்டர். மோதும் வேகத்தின் பலமோ முக்கால் மடங்குக்கும் மேல் கூடி விடுகிறது. கேமராவைக் கண்ட இடத்தில் மட்டும் பிரேக் போட்டு என்ன பயன்?

பெற்றோரே, இந்த வாரமே மகனையோ மகளையோ பக்கத்தில் உட்கார வைத்து, மைஜேபிஜே, மைபாயார் செயலிகளில் உங்கள் பெயரில் சம்மன் இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். விலாசம் பழையதாக இருந்தால் மாற்றுங்கள். கைப்பேசிக்கு வரும் குறுஞ்செய்தி இணைப்பைத் தட்டிப் பணம் கட்டாதீர்கள், மோசடிக்காரர்கள் அதிகம். சம்மனில் தவறு இருந்தால் நாள் கடத்தாமல் இலாகாவிடம் போய்க் கேளுங்கள்.

தம்பிகளே, கடிதம் வந்த அன்றே வீட்டில் சொல்லி விடுங்கள். அப்பா ரெண்டு வார்த்தை ஏசுவார், வாங்கிக் கொள்ளுங்கள். அபராதத்தை உங்கள் சம்பளத்திலிருந்தே கட்டுங்கள்.