எழுதியவர் பங்கு எங்கே?

சிங்கப்பூரின் கேம்பல் லேனில் எனக்குத் தெரிந்த கடைக்காரர் ஒருவர் இந்த வாரம் ஸ்பீக்கரைக் கழற்றி வைத்துவிட்டார். சாம்பிராணி, குங்குமம், பூசைச் சாமான் விற்கும் சின்னக் கடை. காலையில் பக்திப் பாடல், வெயில் ஏறினால் எண்பதுகளின் இளையராஜா, மாலையில் எம்.எஸ்.வி. என்று பொழுது பார்த்துப் பாட்டு மாறும். “லைசென்ஸ் எடுக்கச் சொல்லிக் கடிதம் வந்திருக்குண்ணே. யூடியூப்புக்கு மாசாமாசம் காசு கட்டுறேன். அப்புறம் எதுக்கு இன்னொரு தடவை?” என்றார்.

அவர் கேட்டது நியாயமான கேள்வி. எரிச்சல் மூட்டியது மறுநாள் வாட்ஸ்அப்பில் சுற்றிய குரல்பதிவு. பாட்டு என்பது காற்று மாதிரி, அதற்கு யார் காசு கேட்பது என்று அதில் ஒருவர் முழங்குகிறார். ஆளாளுக்குக் கைதட்டி அதை அடுத்தவருக்கு அனுப்பியிருக்கிறார்கள்.

முதலில் கடைக்காரருக்குப் பதில். யூடியூப்புக்கும் ஸ்பாட்டிஃபைக்கும் கட்டும் மாதச் சந்தா, நாமும் வீட்டாரும் கேட்பதற்கு. சொந்தக் கேட்பு மட்டுமே, வியாபாரத்துக்கு அல்ல என்று அவற்றின் விதிமுறைகளிலேயே இருக்கிறது. கடையில் வாடிக்கையாளர் காதில் விழும்படி ஒலித்தால் அது பொது இடத்தில் இசைப்பது. அதற்கு இரண்டு உரிமைகளைக் கவனிக்க வேண்டும். வரியும் மெட்டும் ஒன்று. அதற்கு இங்கே 1987 முதல் காம்பஸ் என்ற இசையமைப்பாளர், பாடலாசிரியர் சங்கம் உரிமம் தருகிறது. ஒலிப்பதிவு இன்னொன்று. அதன் உரிமையாளர்கள் இப்படிப்பட்ட பயன்பாட்டுக்குப் பணம் பெறும் உரிமையை 2021 நவம்பரில் நடப்புக்கு வந்த புதிய காப்புரிமைச் சட்டம் கொடுத்தது. மியூசிக் ரைட்ஸ் சிங்கப்பூர் அந்தப் பக்கத்தைப் பார்த்துக்கொள்கிறது. வெளிநாட்டுச் சங்கங்களோடு இருக்கும் ஒப்பந்தங்களால்தான் சென்னையில் எழுதிய பாட்டுக்குச் சிராங்கூன் சாலையில் கணக்கு வருகிறது. சட்டம் இவ்வளவுதான்.

‘காற்றுக்கு ஏது காசு’ என்பவர்களுக்குப் பாரிஸில் 1847-லேயே விடை கிடைத்துவிட்டது. எர்னஸ்ட் பூர்ஜே என்ற பாடலாசிரியர் நண்பர்களோடு ஷான்ஸ் எலிசே பக்கம் ஒரு கஃபேயில் உட்கார்ந்திருந்தார். அவர்களுடைய பாட்டை அங்கே வாசித்துக்கொண்டிருந்தார்கள். குடித்ததற்குப் பில் வந்தபோது பூர்ஜே கொடுக்க மறுத்தார். என் பாட்டுக்கு நீங்கள் கொடுக்கவில்லை, உங்கள் பானத்துக்கு நான் ஏன் கொடுக்க வேண்டும் என்பது அவர் வாதம். வழக்கு நீதிமன்றம் போய் அவர் பக்கமே தீர்ந்தது. சில ஆண்டுகளில், 1851-ல், இத்தகைய சங்கங்களுக்கெல்லாம் முன்னோடியான சாசெம் அங்கே உருவானது. பூக்கடைக்காரரிடம் மாலையை இரவலாக வாங்கி வந்து கடைவாசலில் தொங்கவிட முடியாது என்பது நம் எல்லோருக்கும் தெரியும். வாடிக்கையாளரை உள்ளே இழுத்து இன்னும் ஐந்து நிமிடம் நிற்க வைக்கும் பாட்டுக்கு மட்டும் ஏன் வேறு நியாயம்?

ஆனால் என்னைத் தொந்தரவு செய்யும் கேள்வி வேறு. இந்தப் பத்தியை வாரம் தவறாமல் படிப்பவர்களுக்கு என் பழைய வழக்கு தெரியும்: பாட்டு போடுகிறார்கள், படத்தின் பெயர் சொல்கிறார்கள், நடிகர் பெயர்கூடச் சொல்கிறார்கள், எழுதியவர் பெயரைச் சொல்வதில்லை. இலங்கை வானொலியில் பாடலாசிரியர், இசையமைப்பாளர், பாடியவர் என்று வரிசையாகச் சொல்லக் கேட்டு வளர்ந்த காதுகள் எனக்கு. நம் பிள்ளைகள் தேசிய தினத்துக்குப் பாடும் ‘முன்னேறு வாலிபா’வை அறுபதுகளில் உருவாக்கித் தந்தவர் எஸ். ஜேசுதாசன். பாடலைத் தெரிந்தவர்களில் எத்தனை பேருக்கு அந்தப் பெயர் தெரியும்? பெயரே போய்ச் சேராத இடத்துக்குப் பணம் எப்படிப் போய்ச் சேரும்?

இதை யோசிக்கும்போதெல்லாம் நான் கையில் எடுக்கும் புத்தகம் ஒன்று உண்டு. முன்பும் இதைப் பற்றி எழுதியிருக்கிறேன், மறுபடி எழுதுவதில் எனக்குத் தயக்கம் இல்லை: ஆ.இரா. வேங்கடாசலபதியின் ‘பாரதி: கவிஞனும் காப்புரிமையும்’. தமிழில் ஒரு பாட்டு யாருக்குச் சொந்தம் என்பதற்கு இதைவிட நல்ல பாடம் இல்லை.

பாரதிக்குத் தன் எழுத்தின் சந்தை மதிப்பு பற்றிப் பெரிய நம்பிக்கை இருந்தது. 1920-ல் தன் நூல்களையெல்லாம் தானே வெளியிடத் திட்டம் போட்டு, நண்பர்களுக்குச் சுற்றறிக்கை அனுப்பினார். மண்ணெண்ணெயும் தீப்பெட்டியும் போல, அவற்றைவிட வேகமாகவே, தன் புத்தகங்கள் வீடுதோறும் விலைபோகும் என்று கணக்குப் போட்டார். பணம் வரவில்லை. அடுத்த ஆண்டு செப்டம்பரில் அவரே போய்விட்டார். செல்லம்மாவும் இரண்டு மகள்களும் மிஞ்சினார்கள். நூல்களின் உரிமை பிறகு பாரதியின் தம்பி சி. விசுவநாதனிடம் போனது. முப்பதுகளில் இசைத்தட்டு உரிமை மட்டும் தனியாகப் பிரிந்து ஜேசிங்லால் மேத்தா என்ற வணிகர் கைக்கு மாறியது. அவரிடமிருந்து ஏ.வி. மெய்யப்பச் செட்டியார் வாங்கினார்.

செட்டியார் இசைத்தட்டு வியாபாரத்திலிருந்து சினிமாவுக்கு வந்தவர். பாட்டின் விலை அறிந்தவர். 1947-ல் வந்த அவருடைய ‘நாம் இருவர்’ படத்தில் டி.கே. பட்டம்மாள் குரலில் பாரதி பாடல்கள் ஒலித்தன. நாடு முழுக்கச் சுதந்திரக் காய்ச்சலில் இருந்த நேரம், படம் பிரமாதமாக ஓடியது. மறு ஆண்டு டி.கே.எஸ். சகோதரர்கள் ‘பில்ஹணன்’ படத்தில் பாரதியின் ஒரு பாட்டைப் பயன்படுத்தியதும் செட்டியார் வழக்குத் தொடுத்தார். சகோதரர்களில் ஒருவரான டி.கே. சண்முகம் பணிந்து போகவில்லை. நாரண துரைக்கண்ணன் போன்ற எழுத்தாளர்களும் சேர்ந்துகொள்ள, பாரதியை விடுவிக்கச் சொல்லி ஒரு இயக்கமே எழுந்தது. ஓமந்தூர் ராமசாமி ரெட்டியார் முதலமைச்சராக இருந்த 1949-ல் அரசு உரிமையை ஏற்றுக்கொண்டது. செட்டியார் தன் பங்கை விலை கேட்காமலேயே கொடுத்தார். அந்தப் பெருந்தன்மையைச் சொல்லாமல் விடுவது சரியாகாது. 1955-ல் பாரதி எல்லோருக்கும் பொதுவானார்.

இந்தக் கதையை நாம் வெற்றிக் கதையாகவே சொல்லிப் பழகியிருக்கிறோம். வாட்ஸ்அப் குரல்பதிவுக்காரரும் பாரதியைத்தான் சாட்சிக்கு இழுக்கிறார். ஆனால் கணக்கைப் பாருங்கள். அரசு விசுவநாதனுக்கு 15,000 ரூபாய் கொடுத்தது. செல்லம்மாவுக்கும் மகள்கள் தங்கம்மாளுக்கும் சகுந்தலாவுக்கும் ஆளுக்கு 5,000. கவிஞன் இறந்து இருபத்தெட்டு ஆண்டுகளுக்குப் பிறகு! இடைப்பட்ட காலத்தில் எத்தனை இசைத்தட்டுகள், எத்தனை மேடைகள், எத்தனை காப்பி கிளப்புகளின் கிராமபோன்கள் அந்தப் பாட்டுகளைச் சுழற்றியிருக்கும்? மொத்தமாக விற்றுத் தீர்த்த உரிமையிலிருந்து அந்தப் பெண்களுக்கு ஒரு தம்படி வர வழியில்லை. பாட்டைப் பொதுவாக்கியது சரி. அதற்கு முன்பு அது எழுதியவன் வீட்டைத் தவிர எல்லா வீடுகளுக்கும் சோறு போட்டதே, அதுதான் என்னால் தாண்டிப் போக முடியாத பக்கம்.

பாரதிக்குப் பிறகு திரைப்பாடல் எழுதியவர்கள் நிலைமை சட்டப்படியே மோசமானது. பணம் கொடுத்து எழுத வாங்கிய தயாரிப்பாளரே பாட்டின் முதல் உரிமையாளர் என்று 1977-ல் இந்திய உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. அந்த அமர்வில் இருந்த வி.ஆர். கிருஷ்ணய்யர், பாடுகிற கலைஞனுக்குச் சட்டத்தில் இடமே இல்லையே என்று வருந்தித் தனியாக ஒரு குறிப்பு எழுதினார். நாடாளுமன்றம் முழுதாகக் காது கொடுக்க 2012 ஆனது. இந்திப் பாடலாசிரியர் ஜாவேத் அக்தர் மாநிலங்களவையில் நின்று சண்டை போட்டதும் அப்போதுதான். அந்தத் திருத்தத்தின்படி, திரையரங்குக்கு வெளியே பாட்டு எங்கே பயன்பட்டாலும் எழுதியவருக்கும் மெட்டமைத்தவருக்கும் ராயல்டியில் சரிபாதி உண்டு. வாரிசுக்கோ உரிமைச் சங்கத்துக்கோ தவிர வேறு யாருக்கும் அந்தப் பங்கை எழுதிக் கொடுக்க முடியாது, கொடுத்தாலும் செல்லாது. தன் பாட்டைப் பயன்படுத்துபவர்களுக்கு இளையராஜா நோட்டீஸ் அனுப்பும் ஒவ்வொரு முறையும் ‘இவருக்கு எவ்வளவு பேராசை’ என்று பேசுபவர்கள் இந்த அறுபது எழுபது ஆண்டு வரலாற்றைத் தெரிந்துகொண்டு பேசினால் நல்லது. அவர் வழக்குகளின் ஒவ்வொரு வாதத்தையும் நான் ஏற்கவில்லை. கேட்கும் உரிமை அவருக்கு உண்டு என்பதில் எனக்குச் சந்தேகம் கிடையாது.

இங்கே நாம் செய்யக்கூடியது என்ன? சின்னக் கடைகளில் என்ன பாட்டு ஓடியது என்று எந்தச் சங்கமும் உட்கார்ந்து குறித்துக்கொள்வதில்லை. உலகெங்கும் இந்தப் பணத்தை வானொலி, தொலைக்காட்சிப் பட்டியல்களையும் மாதிரிக் கணக்கெடுப்புகளையும் வைத்துத்தான் பிரிக்கிறார்கள். அதில் அதிகம் ஒலிக்கும் மொழிக்கு அதிகம் போகும். நாள் முழுக்கத் தமிழ்ப் பாட்டு மட்டுமே ஒலிக்கும் கடையின் வெள்ளி வேறு திசையில் போகிற ஆபத்து அங்கேதான் இருக்கிறது. 2024 மே 1 முதல் சிங்கப்பூரில் இந்தச் சங்கங்கள் அறிவுசார் சொத்து அலுவலகத்தின் உரிம விதிகளின் கீழ் வந்துவிட்டன. கட்டண விவரத்தையும் பணத்தைப் பிரித்துக் கொடுக்கும் முறையையும் அவை வெளிப்படையாகக் காட்ட வேண்டும். ஆகவே உரிமம் எடுக்கும் கடைக்காரர்கள் பணத்தைக் கட்டிவிட்டு, ‘எங்கள் கடையில் ஓடுவது தமிழ்ப் பாட்டு, அதை எழுதியவருக்கு எந்த வழியில் போகிறது’ என்று எழுத்தில் கேளுங்கள். ஒருவர் கேட்டால் பதில் வரத் தாமதமாகலாம். லிட்டில் இந்தியாக் கடைக்காரர்கள் சேர்ந்து கேட்டால் பதில் சொல்லியே ஆகவேண்டும்.

உள்ளூரில் பாட்டு எழுதும், மெட்டமைக்கும் தம்பி தங்கைகளுக்கும் ஒரு வேண்டுகோள். நாடகத் தலைப்புப் பாடல், பள்ளி விழாப் பாடல், கோயில் குறுந்தட்டு, எதுவானாலும் உங்கள் பெயரில் காம்பஸில் பதிவு செய்யுங்கள். ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடும் முன் எந்த உரிமையைக் கொடுக்கிறீர்கள் என்று வரி வரியாகப் படியுங்கள். முடிந்தால் அதற்கு முன்னால் வேங்கடாசலபதியின் புத்தகத்தையும் படித்துவிடுங்கள்.