விளைநிலமும் ஆடுகளமும்

விளையாட்டு உடற்கு உறுதியும் உள்ளத்திற்கு உவகையும் தருவது என்பதை மறுப்பார் இலர். ஆயின், விளையாடுவோன் அதற்கெனப் பொருள் பெறலாமோ என்னும் வினா எழுந்தவுடன் நம்மவர் இரு கட்சியினராய்ப் பிரிந்துவிடுகின்றனர். பொருள் புகுந்த இடத்தில் விளையாட்டின் தூய்மை கெடும் என்பர் ஒரு சாரார். வயிற்றுக்கு வழியில்லாதவன் எத்தனை நாள் ஆடுவான் என்பர் மற்றொரு சாரார். ஹாக்கிக்குப் பெயர்பெற்ற கோவில்பட்டிக்கும் அதனைச் சூழ்ந்த கரிசற் சீமைக்கும் இஃது ஏட்டளவில் நிற்கும் வாதம் அன்று. பல வீடுகளின் அடுப்போடு தொடர்புடையது. ஆதலின் இதனைச் சிறிது ஆராய்தல் தகும்.

ஆட்டக்காரர் யாவரும் வெளிப்படையாகக் கூலி பெற்ற முதல் ஹாக்கிக் கழகத்தைக் குளிர் நாடுகளின் பனித்தரை ஹாக்கியிற் காண்கிறோம். அதன் தோற்றமே ஒரு தண்டனையோடு தொடர்புடையது. கனடா நாட்டில், இன்று கிச்சனர் எனப்படும் பெர்லின் நகரத்துக் குழு, 1898ஆம் ஆண்டில் அயலூரை வென்றது. மகிழ்ந்த நகரத் தலைவர் ஆட்டக்காரர் ஒவ்வொருவர்க்கும் 10 டாலர் பொற்காசு அளித்தார். காசு பெற்றதே குற்றமெனக் கொண்டு ஒண்டாரியோ ஹாக்கிச் சங்கம் அக்குழுவை விலக்கிவைத்தது. அக்குழுவில் ஆடிய ஜாக் கிப்சன் என்பார் பின்னர்ப் பல் வைத்தியராகி, அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்து ஹோட்டன் என்னும் ஊரிற் குடியேறினார். அவரது முயற்சியால் 1904இல் சர்வதேசத் தொழில்முறை ஹாக்கிக் கழகம் தோன்றிற்று.

அதன் முதற் பருவமாகிய 1904-05இல் ஐந்து குழுக்கள் ஆடின. ஹோட்டனின் போர்ட்டேஜ் லேக் குழு ஒன்று. காலுமெட் குழு ஒன்று. ஓர் ஆற்றின் இருகரையிலும் இரு நாடுகளில் ஒரே பெயருடன் விளங்கும் சூ செயின்ட் மரி ஊர்களின் குழுக்கள் இரண்டு. பிட்ஸ்பர்க் குழு ஒன்று. இவற்றுள் பிட்ஸ்பர்க் ஒன்றே பெருநகரம். ஹோட்டனும் காலுமெட்டும் செப்புச் சுரங்கத்தை நம்பி வாழ்ந்த சிற்றூர்கள். ஆட்டக்காரர்க்கு வாரம் 15 முதல் 40 டாலர் வரை கூலி கிடைத்தது. ஹாட் ஸ்டூவர்ட் என்னும் வீரரைத் தலைவராகக் கொண்ட காலுமெட் முதற் பருவத்தை வென்றது. நிலத்தடியில் உழைத்த மக்கள் வாழ்ந்த சிற்றூர் ஒன்று, தன் பெயரால், தன் களத்தில் ஆடி வாகை சூடியது என்பதே ஈண்டு நாம் கருதற்பாலது.

அத்தகைய கழகம் 1907இல் மறைந்துவிட்டது. அவ்வாண்டின் பொருளாதார நெருக்கடி ஒரு காரணம். மற்றொரு காரணம் அதனினும் நுட்பமானது. ஆட்டக்காரரிற் பெரும்பாலோர் கனடாவிலிருந்து கூலி கொடுத்து வரவழைக்கப்பட்டோர். கனடாவிலேயே கூலி கொடுக்கத் தொடங்கியபோது அவர்கள் தம் நாட்டிற்கே திரும்பினர். அவ்வூர்களிடம் களம் இருந்தது, காண்போர் இருந்தனர், பணமும் இருந்தது. தம் மண்ணில் விளைந்த ஆட்டக்காரரே போதிய அளவு இலராயினர். விளைநிலம் இன்றி ஆடுகளம் மட்டும் உடையார்க்கு நேர்ந்த கதி இது.

நம் நாட்டு நிலையோ இதற்கு நேர்மாறானது. இந்தியாவில் 2005ஆம் ஆண்டு பிரீமியர் ஹாக்கி லீக் என்னும் கழகம் தோன்றியது. அதில் சென்னை வீரன்ஸ் என்று நம் தலைநகரின் பெயர் தாங்கிய குழுவும் இருந்தது. ஆயினும் முதற் பருவத்து ஆட்டங்கள் ஹைதராபாத்தில் நடைபெற்றன. பல ஊர்களின் பெயர்கள் ஓரூரின் களத்தில் பொருதன. அப்பருவத்தை ஹைதராபாத் சுல்தான்ஸ் வென்றது. நான்கு பருவங்களின் பின், 2008இல், அக்கழகம் மறைந்தது. 2013இல் ஹாக்கி இந்தியா லீக் எழுந்தது. 2017க்குப் பின் அதுவும் நின்று, 2024 டிசம்பரில் மீண்டும் உயிர்பெற்றது. 2017இல் பதினேழு வயதாயிருந்த ஒரு சிறுவனுக்கு, அது மீண்டபோது வயது இருபத்து நான்கைக் கடந்துவிட்டது. உழவன் விதைத்த பின் ஏழாண்டு மழை பொய்த்தாற்போன்றது இது. மீண்டெழுந்த பருவத்தில் தமிழ்நாடு டிராகன்ஸ் என்னும் குழு ஆடியது. ஆடிய இடங்களோ ரூர்கேலாவும் ராஞ்சியும். 2026 ஜனவரியில் தொடங்கிய அடுத்த பருவத்திற் சென்னையும் ஆட்டம் கண்டது என்பது ஆறுதல்.

இனி, விளைநிலத்தைக் காண்போம். மழை பெய்தால் காலைப் பற்றி இழுப்பதும், கோடையிற் பாளம் பாளமாக வெடிப்பதும் கரிசல் மண்ணின் இயல்பு. பருத்தியும் கம்பும் உளுந்தும் விளையும் இம்மண்ணில், மழை பொய்த்த ஆண்டில் பஞ்சாலையும், ஊரார் ‘தீப்பெட்டி ஆபீஸ்’ என வழங்கும் தொழிற்சாலையுமே குடும்பங்களைக் காக்கின்றன. இவ்வூரில் செயற்கைப் புல் விரித்த ஹாக்கி அரங்கம் உண்டு; அரசின் விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தார் நடத்தும் ஹாக்கிப் பயிற்சி விடுதியும் உண்டு. இலட்சுமி அம்மாள் நினைவு அகில இந்தியப் போட்டிக்கு நாட்டின் பல பகுதிகளினின்றும் குழுக்கள் வருகின்றன. இங்குப் பயின்ற இருவர், கோவில்பட்டியைச் சார்ந்த மாரீஸ்வரன் சக்திவேலும், அரியலூரினின்று வந்து பயின்ற கார்த்தி செல்வமும், 2022 மே மாதம் ஜகார்த்தாவில் நடந்த ஆசியக் கோப்பையில் இந்தியக் குழுவில் இடம் பெற்றனர். பாகிஸ்தானோடு 1-1 எனச் சமனாய் முடிந்த ஆட்டத்தில் இந்தியாவின் கோலை அடித்தவர் கார்த்தி. அக்குழு வெண்கலப் பதக்கத்துடன் மீண்டது.

இருவர் உயர்ந்தனர் என மகிழும்போதே, அவர்களுடன் கோல் பிடித்த ஏனையோரை நாம் மறத்தல் ஆகாது. விடுதியை விட்டு வெளியேறும் இளைஞனுக்கு முன் இருப்பவை இரண்டே வழிகள். இரயில்வேயிலோ காவல் துறையிலோ வங்கியிலோ விளையாட்டு வீரர்க்கென ஒதுக்கிய சில இடங்களுள் ஒன்றைப் பெறுவது ஒரு வழி. கோலைப் பரண்மேல் வைத்துவிட்டு வேறு வேலை தேடுவது மற்றொன்று. முன்னது சிலர்க்கே வாய்க்கும். பின்னதே பலரது விதி.

கூலி பெற்று ஆடுதல் இழிவு என்பார்க்குத் தமிழ் கற்றார் கூறும் விடை எளிது. பண்டைப் பாணரும் கூத்தரும் பொருநரும் தம் கலையால் உயிர் வாழ்ந்தோரே. பரிசில் பெற்று மீள்பவன், பெறாதவனை வள்ளலிடம் வழிப்படுத்தும் ஆற்றுப்படை என்னும் துறையே நம் இலக்கியத்தில் உண்டு. பரிசில் பெற்றமையால் யாழின் இனிமை கெட்டது என்று நாம் எண்ணுவதில்லை. பணம் தீங்கு செய்யாது என்பது என் வாதம் அன்று. பணம் உடையார் நினைத்தபோது தொடங்கி நினைத்தபோது நிறுத்தும் கழகமே தீங்கு செய்வது. கூலியில் இழிவில்லை, நிலையாமையிலேயே இழிவு உளது.

ஆகவே வேண்டுவன இரண்டு. முதலாவது, தமிழ்நாட்டின் பெயர் தாங்கிய குழு ஒவ்வொரு பருவத்திலும் சில ஆட்டங்களையேனும் கோவில்பட்டியில் ஆடுதல் வேண்டும். இச்சிற்றூரில் எங்ஙனம் இயலும் என்று ஐயுறுவார், 2025ஆம் ஆண்டின் இறுதியில் உலக இளையோர் கோப்பை ஆட்டங்கள் சென்னையோடு மதுரையிலும் நடந்தமையை எண்ணுக. மதுரையில் உலக ஆட்டம் நடைபெறக் கூடுமாயின், அதற்குத் தெற்கே நூறு கிலோமீட்டர் அளவில் உள்ள கோவில்பட்டியில் ஒரு கழக ஆட்டம் நடைபெறலாகாதோ? காலுமெட் மக்கள் தம் ஊர்க் குழுவைத் தம் ஊரிலேயே கண்டனர்; நம் சிறுவரோ தம் அண்ணன்மார் ஆடுவதைத் தொலைக்காட்சியிற் காண்கின்றனர்.

இரண்டாவது, தென்பாண்டி ஊர்கள் தமக்குள் ஒரு சிறு கழகம் அமைத்தல் வேண்டும். பனி உறைந்த காலமே அவ்வட நாட்டார்க்கு ஆட்டக் காலம். நமக்கோ, அறுவடை முடிந்து கரிசற் காடுகள் வெறுமையாய்க் கிடக்கும் மாசி பங்குனி மாதங்கள் ஏற்றவை. ஆலை உடையாரும் வணிகரும் கூடி ஒரு நிதி வைப்பின், பெருந்தொகை வேண்டா; இரண்டு மாதம் ஓர் இளைஞன் வேறு வேலை தேடாது ஆடுதற்குரிய கூலி போதும். ஆண்டு தவறாது நடைபெறுதலே அதற்கு இன்றியமையாதது. உயர்ந்த வீரர்களும், பரிசில் பெற்ற பாணனைப்போல, பின்வரும் இளைஞர்க்கு வழிகாட்டக் கடமைப்பட்டவர்கள்.

களம் உடையார்க்கு விளைநிலம் இல்லாமையால் ஒரு கழகம் மூன்றே பருவங்களில் அழிந்தது. விளைநிலமும் அரங்கமும் ஒருங்கே உடைய நாம், கழகம் இன்றி நம் விளைச்சலைப் பரண்மேல் ஏற்றுவது அறிவுடைமை ஆகாது. மானாவாரி நிலத்தில் மழையை எதிர்நோக்குதல் முறைமையே. ஆட்டத்திற்கும் அவ்வாறே வானத்தை நோக்கி இருத்தல் முறைமை அன்று. ஊர்ப் பெரியோர் இதனைச் சிந்திப்பாராக.