இறந்த பிள்ளையின் பெயர் அரசின் உடைமையா?



ஒற்றர்கள் வேற்றுருவில் உலவுவது புதிதன்று. ஒற்றாடலுக்கென ஓர் அதிகாரமே வகுத்த வள்ளுவர், துறவிக் கோலத்தில் செல்லும் ஒற்றரையும் பேசுகிறார். ஆயினும் அது கோலம் மட்டுமே. வாழ்ந்து மறைந்த ஒருவரின் பெயரைக் களவாடுதல் அன்று.

அக்களவைத்தான் இலண்டன் பெருநகரக் காவல் துறையின் மறைமுகப் பிரிவொன்று செய்தது. 1968இல் தொடங்கி 2008 வரை இயங்கிய அப்பிரிவு, அரசியல் இயக்கங்களுக்குள் காவலர்களை ஊடுருவச் செய்தது. 1970களிலிருந்து 1990களின் நடுப்பகுதி வரை, அக்காவலர்கள் சிறு வயதிலேயே இறந்த பிள்ளைகளின் பிறப்பு, இறப்புப் பதிவுகளைத் தேடியெடுத்து, அப்பெயரையும் பிறந்த நாளையும் தமதாக்கிக் கொண்டனர். ஏறத்தாழ 42 பிள்ளைகளின் அடையாளங்கள் இவ்வாறு ஆளப்பட்டிருக்கலாம் என 2013 சூலையில் காவல் துறையின் சொந்த விசாரணையே கூறிற்று. துறைத் தலைவர் பொதுவாக மன்னிப்புக் கேட்டார். பெற்றோரிடம் உண்மையைச் சொல்ல அப்போது மறுத்துவிட்டார்!

"நாட்டின் பாதுகாப்புக்கு இது தேவைதானே?" என்பார் உளர். தேவையென்றால், அப்பிரிவின் தொடக்கக் காலக் காவலர்கள் வெறும் கற்பனைப் பெயர்களோடு பணியாற்றியது எப்படி? 1976இல் ஐயுற்ற இயக்கத்தார், ஊடுருவியவரின் முன் அப்பிள்ளையின் இறப்புச் சான்றிதழையே எடுத்து வைத்தனரே! களவாடிய பெயர் காவலரைக் காக்கவில்லை, காட்டிக் கொடுத்தது.

நாள்தோறும் வருகைப் பதிவேட்டில் பெயர் அழைப்பவன் என்ற முறையில் சொல்கிறேன். பிள்ளையை இழந்த தாய்க்கு எஞ்சுவது அப்பெயர் ஒன்றே. அதை அவள் அறியாமல் எடுக்கும் உரிமையை அரசுக்கு அளித்தவர் யார்?

புனைந்த அடையாளமே கூடாது என்பதன்று என் வாதம். ஆசுதிரேலியாவின் 1914ஆம் ஆண்டுக் குற்றச் சட்டத்தில் இதற்கெனத் தனிப்பகுதியே உண்டு. உளவு நிறுவனத் தலைவரின் எழுத்து வழி அனுமதி வேண்டும். ஆண்டுதோறும் மறு ஆய்வு வேண்டும். ஆறு மாதத்திற்கொரு முறை தணிக்கை வேண்டும். பிறப்புப் பதிவேட்டில் புதுப் பதிவிட மாநில உச்ச நீதிமன்றத்தின் ஆணை வேண்டும். குறைகள் இருக்கலாம்; எனினும், யார் அனுமதித்தார் என்பதற்கு ஏடு உண்டு.

பிரிட்டனோ 2021இல் இயற்றிய சட்டத்தில், மறைமுக முகவர்கள் குற்றமே புரிய அனுமதி பெறும் வழியை வகுத்தது. எக்குற்றங்களுக்கு ஒருபோதும் அனுமதி இல்லை என்னும் பட்டியலை மட்டும் அதில் சேர்க்க மறுத்தது!

எனவே சட்டம் இரண்டைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். அரசு பெயரைப் புனையலாம். இறந்தோர், இருப்போர் எவருடைய பெயரையும் திருடலாகாது. அனுமதி அளிப்பவரைக் கண்காணிக்க அத்துறைக்கு வெளியே ஒருவர் இருக்க வேண்டும். இவ்விரண்டும் இல்லாத மறைவு பாதுகாப்பு அன்று. களவுக்குப் போட்ட திரையே!

சிந்திப்போம்.